காமிராவுக்கு முன்னால் உழைப்பவர்கள்

1985-86இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா மயிலாப்பூரில் இருந்த அரசுப் பெண்கள் காப்பகத்துக்குப் பலமுறை போனார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, ஜாமீன் எடுக்க வழியில்லாமல் அங்கே வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சோதனைக்கு அனுப்பும்வரை அந்த மாதிரிகள் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதற்கு முதல் சான்று அதுதான். நிர்மலாவும் அவருக்கு வழிகாட்டிய டாக்டர் சுனிதி சாலமனும் செய்த அந்த வேலையால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது ரத்தம் கொடுத்த பெண்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பாலியல் தொழிலாளியின் உடல்நலம் என்றாலே இங்கே எச்ஐவி என்றுதான் பொருள். 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் வந்தன. ஆணுறை எத்தனை கொடுக்கப்பட்டது, மூன்று மாதத்துக்கொரு மருத்துவப் பரிசோதனை நடந்ததா, ஆறு மாதத்துக்கொரு ரத்தச் சோதனை ஆனதா என்று கணக்கு எழுதப்பட்டது. அந்தத் திட்டங்கள் நோயைக் கட்டுப்படுத்தின, அதில் சந்தேகமே இல்லை. தூக்கம் வருகிறதா, முதுகு வலிக்கிறதா, சம்பாதித்த காசு முழுசாகக் கைக்கு வந்து சேர்ந்ததா, மனசு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டது மிகக் குறைவு. அந்தப் பெண்ணிடமிருந்து வாடிக்கையாளருக்கும், அவர் மூலம் அவர் குடும்பத்துக்கும் நோய் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் அந்தக் கணக்குகளுக்குள் ஓடியது. அது நியாயமான கவலை. அதில் அந்தப் பெண்ணைப் பற்றிய அக்கறை கொஞ்சம்தான்.

இப்போது வாடிக்கையாளர் கடல் தாண்டி இருக்கிறார். இடையில் இருப்பது ஒரு காமிரா, ஒரு திரை, ஒரு கடன் அட்டை. தொடுவது இல்லை, கிருமி பரவ வழியும் இல்லை. பழைய கணக்குப்படி பார்த்தால் இவர்கள் எல்லோரும் முழு நலத்தோடு இருக்கிறார்கள் என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கணக்கு எவ்வளவு குறைபட்டது என்பதை இணையவழிப் பாலியல் தொழில் வெட்டவெளிச்சமாக்குகிறது. நான் இங்கே பேசுவது வயதுவந்தோரைப் பற்றி மட்டும். குழந்தைகளை வைத்துச் செய்வது குற்றம், அதற்குத் தொழில் என்ற பேச்சே கிடையாது.

இந்தத் தொழில் குறித்து கடந்த பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க ஒன்று எனக்கு உறுதிப்பட்டது. காமிராவுக்கு முன்னால் என்ன செய்தார் என்பதைவிட, வந்த காசு யார் கையில் இருக்கிறது, பதிவான உருவம் யார் கையில் இருக்கிறது, வேண்டாம் என்று எழுந்து போக முடியுமா என்பவைதான் அவருடைய நலத்தைத் தீர்மானிக்கின்றன.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். நேரலைத் தளங்களில் பார்வையாளர் காசு கொடுத்து டோக்கன் வாங்குவார். காமிராவுக்கு முன் இருப்பவரை மாடல் என்பார்கள். சாட்டர்பேட் தளத்தில் ஒரு டோக்கனுக்கு மாடலின் கணக்கில் சேருவது 5 சென்ட். அறை எல்லோருக்கும் திறந்திருக்கும். நூறு பேர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மூன்று பேர் டோக்கன் போடுவார்கள். டோக்கன் விழுந்தால் மணிச் சத்தம் கேட்கும். மணி கேட்காத நேரத்திலும் சிரிக்க வேண்டும், பேச்சு கொடுக்க வேண்டும், போன வாரம் வந்தவரின் நாய்க்குட்டி எப்படி இருக்கிறது என்று ஞாபகமாக விசாரிக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. முதல் பக்கத்தில் முகம் தெரிந்தால்தான் ஆள் வரும். ஆள் வந்து காசு போட்டால்தான் முதல் பக்கத்தில் முகம் தெரியும். மைஃப்ரீகேம்ஸ் தளத்தில் இதற்கென்றே ஒரு மதிப்பெண் உண்டு. சம்பாத்தியத்தை வைத்துப் போடப்படும் அந்த மதிப்பெண்ணே பட்டியலில் யார் மேலே நிற்பது என்பதைச் சொல்லும். சம்பாதிக்கிறவர் மேலும் சம்பாதிப்பார், மற்றவர் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்.

நேரம் என்பதும் உடம்பைத் தொடும் விஷயம். காசு அதிகம் வருவது அமெரிக்காவின் மாலையிலும் இரவிலும். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்கும் நியூயார்க்குக்கும் நேர வித்தியாசம் பெரிதாக இல்லை. அந்த நாட்டில் இந்தத் தொழில் பெருகியதற்கு அதுவும் ஒரு வசதி. ருமேனியாவின் புக்கரெஸ்டில் இருப்பவருக்கு அதே நேரம் நள்ளிரவைத் தாண்டிவிடும். அங்கே இரவு ஷிப்டுதான். கால்சென்டர் வேலைக்குப் போன பிள்ளைகளின் தூக்கமும் செரிமானமும் கெட்டதைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கண்ணால் பார்த்திருக்கின்றன. அதே உடம்புதான் இங்கேயும். ஒரு வித்தியாசம், இவரால் அதை வீட்டில் சொல்லிப் புலம்ப முடியாது.

2016இல் பிரிட்டனில் தொடங்கிய ஓன்லிஃபேன்ஸ் இன்னொரு வகை. அங்கே மாதச் சந்தா, தனிச் செய்திக்குத் தனிக் காசு. தளம் எடுத்துக்கொள்வது 20 சதவீதம். நேரலைத் தளங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ரசிகர்கள் அந்தத் தளத்தில் செலவிட்டது சுமார் 660 கோடி டாலர். கணக்கு வைத்திருந்த படைப்பாளிகள் 41 லட்சம் பேர். தளத்தின் பங்கு போக மிச்சத்தைத் தலைக்குப் பிரித்துப் பார்த்தால் ஓராண்டுக்கு ஏறத்தாழ 1,300 டாலர் வருகிறது. இந்த 41 லட்சத்தில் எல்லோரும் பாலியல் தொழிலாளிகள் இல்லை, தொடங்கிவிட்டுக் கைவிட்ட கணக்குகளும் உண்டு. மேலே இருக்கும் சிலர் கோடிகளில் சம்பாதிப்பதால் நடுவில் இருப்பவருக்கு இந்தச் சராசரியும் எட்டாது. அதே ஆண்டில் தளத்தின் உரிமையாளருக்குப் போன ஈவுத்தொகை 47 கோடி டாலர். "வீட்டில் உட்கார்ந்தபடியே லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்கள்" என்ற பேச்சு பரவியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை நம்பி வேலையை விட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பேச்சை வைத்தே இவர்களுக்கு இரக்கம் தேவையில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓன்லிஃபேன்ஸின் தனிச் செய்திகளில் இன்னொரு உழைப்பு ஒளிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களுக்கு ஒருவரே பதில் எழுத முடியாது. அதற்கென்று ஏஜென்சிகள் முளைத்தன. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் குறைந்த கூலிக்கு ஆட்களை வைத்து, அந்தப் பெண்ணின் பெயரில் இரவெல்லாம் காதல் பேச வைக்கின்றன. மனைவியை இழந்தவரின் அழுகையையும் வக்கிரமான கோரிக்கைகளையும் மாறி மாறிப் படித்து, இரண்டுக்கும் இதமாகப் பதில் எழுதுவது அந்த இளைஞர்களின் வேலை. இவர்களைப் பாலியல் தொழிலாளி என்று எந்தக் கணக்கெடுப்பும் எண்ணாது. ஆனால் இந்தத் தொழில் மனத்துக்கு என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர்கள் இவர்களையும் சேர்த்துத்தான் ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மிக மோசமான நிலைமையை அறிய கொலம்பியாவுக்குப் போக வேண்டும். பொகோட்டா, மெடெயின், காலி ஆகிய நகரங்களில் ஸ்டூடியோக்கள் இயங்குகின்றன. ஒரு கட்டடத்தைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், விளக்குகள், காமிரா. சொந்தமாக நல்ல கம்ப்யூட்டரும் தனி அறையும் வேகமான இணையமும் இல்லாதவர்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். படிப்பை நிறுத்தியவர்கள், குழந்தையோடு தனித்து நிற்கும் தாய்மார், வெனிசுவேலாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், வேறு எங்கும் வேலை கிடைக்காத திருநங்கைகள் அவர்களில் பலர். 2024 டிசம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்த ஸ்டூடியோக்களைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. உள்ளூர்ப் பாலியல் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து செய்த ஆய்வு அது.

பார்வையாளர் கொடுக்கும் தொகையில் 50 முதல் 65 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் 70 சதவீதம்வரை ஸ்டூடியோ எடுத்துக்கொள்கிறது. நூறு டாலர் விழுந்தால், மாடலின் கைக்கு வருவது மோசமான நிலையில் பத்து பதினைந்து டாலர். அதிலும் அபராதம் என்று பிடித்தம் உண்டு. பதினெட்டு மணி நேரம்வரை நீளும் ஷிப்டுகள், சாப்பிடவோ கழிவறைக்குப் போகவோ இடைவேளை இல்லாமை, மூட்டைப்பூச்சியும் கரப்பானும் உள்ள அறைகள், முந்தைய ஷிப்டின் அழுக்கு அப்படியே ஒட்டியிருக்கும் விசைப்பலகையையும் மவுஸையும் தொட்டுத் தோலில் வரும் தடிப்புகள் என்று அறிக்கை அடுக்கிக்கொண்டே போகிறது. பனியன் கம்பெனியிலோ பட்டாசுத் தொழிற்சாலையிலோ இப்படி என்றால் தொழிலாளர் ஆய்வாளருக்கு மனு போட நமக்குத் தெரியும். இங்கே 'பாலியல்' என்ற ஒரு சொல் முன்னால் வந்து நிற்பதால், மூட்டைப்பூச்சிகூட ஒழுக்கப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் உலுக்கியது கூலிக் கணக்கு இல்லை. பல ஸ்டூடியோக்களில் பார்வையாளரோடு தட்டச்சில் பேசுவது மாடலே இல்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளர் அவர் பெயரில் பேசுகிறார். என்ன செய்வார், எதற்கு எவ்வளவு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு மாடலிடம் 'இதைச் செய்' என்று சொல்கிறார். வலிக்கும், வெறுப்பாக இருக்கிறது என்றாலும் செய்தாக வேண்டிய நிலை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், இவர் சம்மதித்துச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சம்மதம் சொன்னது வேறொரு ஆள். தெருவில் வாடிக்கையாளரோடு பேரம் பேசும் பெண்ணுக்குக்கூட முடியாது என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. தொலைவில் இருப்பதால் பாதுகாப்பு என்று நாம் நம்பிய வேலையில், அந்த வாயையே இன்னொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அடுத்தது கணக்கு. தளத்தில் மாடலின் கணக்கைத் திறப்பது ஸ்டூடியோ, கடவுச்சொல் ஸ்டூடியோவிடம். தளத்தின் நிபந்தனைகளைப் பலர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இரண்டு மூன்று ஆண்டு உழைத்துச் சேர்த்த ரசிகர்கள் அந்தக் கணக்கோடு ஒட்டியிருப்பார்கள். ஸ்டூடியோவை விட்டுப் போனால் அதெல்லாம் போய்விடும், மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். வயது சரிபார்க்கப்பட்ட அதே கணக்கில் வேறொருவரை உட்காரவைத்த சம்பவங்களையும், அதில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருந்ததையும் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. கணக்கு தொழிலாளியின் சொத்தாக இருந்தால் இந்த ஓட்டை பெரும்பாலும் அடைபட்டிருக்கும். தொழிலாளியின் உரிமையும் குழந்தையின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இதே கதை என்று சொன்னால் அது பொய். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆஞ்சலா ஜோன்ஸ் நேரலைத் தொழிலாளர்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2020இல் ஒரு நூல் வெளியிட்டார். தெருவிலும் விடுதியிலும் வேலை செய்த அனுபவத்தோடு ஒப்பிட்டு, அடிபடும் பயமும் போலீஸ் பயமும் இல்லாததைப் பலர் பெரிய விடுதலையாகச் சொன்னதை அவர் எழுதுகிறார். உடல் ஊனத்தால் வெளியே போக முடியாதவர்கள், வேலை நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள விரும்பும் தாய்மார், தன் பாலின அடையாளத்தோடு மதிக்கப்படும் இடமாக இதைக் கண்டவர்கள் என்று பலரும் அவர் ஆய்வில் வருகிறார்கள். வேலையில் இன்பமும் உண்டு என்று சொன்னவர்களை அவர் மறைக்கவில்லை. வெள்ளைத் தோலுக்கு அதிகக் காசு, கறுப்பினப் பெண்களுக்குக் குறைவு என்ற பாகுபாட்டையும் மறைக்கவில்லை. சொந்த அறையில், சொந்தக் கணக்கில், முடியாது என்று இணைப்பைத் துண்டிக்க முடிந்தவருக்கும், கொலம்பிய ஸ்டூடியோவில் அடைபட்டவருக்கும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நலத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இருவருக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு. நேரலையில் ஒரு தடவை செய்தது அதோடு முடிந்துபோவதில்லை. பார்க்கிறவர்களில் யாரோ ஒருவர் அதைப் பதிவுசெய்கிறார், வேறு தளத்தில் ஏற்றுகிறார். அங்கிருந்து இன்னும் பத்து தளம். அந்தக் காணொளிகளில் விளம்பரக் காசு பார்ப்பவர்கள் வேறு யாரோ. தன் ஊர்க்காரர் பார்க்காமலிருக்க மாடல்கள் சொந்த நாட்டையே தளத்தில் முடக்கி வைப்பது வழக்கம். ருமேனியப் பெண்ணை ருமேனியாவில் இருப்பவர் பார்க்க முடியாது. பதிவான காணொளிக்கு அந்த வேலி கிடையாது. பிரிட்டனில் பேராசிரியர் டீலா சாண்டர்ஸ் குழுவினர் இணையவழியில் இயங்கும் 641 பாலியல் தொழிலாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், மிரட்டும் செய்திகளும் தொடர்ந்த தொல்லையும் சாதாரணமாக வந்து விழுவது தெரிந்தது. உண்மைப் பெயர் எது, வீடு எங்கே, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கண்டுபிடித்து மிரட்டுகிறவனுக்கு இவருடைய உடம்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இந்தத் தொழிலில் மன அழுத்தம் வருகிறது என்றால், 'அந்த மாதிரி வேலை செய்தால் மனசு கெடத்தானே செய்யும்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகளில் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. அடுத்த மாத வாடகை வருமா என்ற கவலை, காணொளி எங்கே முளைக்குமோ என்ற கவலை, யாரிடமும் சொல்ல முடியாத தனிமை, ஒருநாள் காலை கண்விழித்தால் கணக்கு முடங்கியிருக்குமோ என்ற கவலை. இவற்றில் எதுவும் தவிர்க்கவே முடியாததல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ எடுத்த முடிவு இருக்கிறது.

அப்படி எடுக்கப்பட்ட முடிவுகளில் சில, நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டவை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபோஸ்டா-செஸ்டா சட்டம் வந்தது. ஆள்கடத்தலுக்கு இடம் கொடுக்கும் இணையதளங்களைப் பொறுப்பாக்குவது அதன் நோக்கம். சட்டம் கையெழுத்தாவதற்குச் சில நாள் முன்பே, பாலியல் தொழில் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த பேக்பேஜ் தளத்தை அரசு முடக்கியிருந்தது. பயந்துபோன மற்ற தளங்கள் பாலியல் தொழிலாளர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றின. வாடிக்கையாளரை முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்ளவும், ஆபத்தான ஆள் என்று ஒருவருக்கொருவர் எச்சரிக்கவும் அவர்கள் பயன்படுத்திய வழிகள் போயின. பலர் மீண்டும் தெருவுக்கும் இடைத்தரகரிடமும் போக நேர்ந்தது. 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பார்த்தபோது, அந்தச் சட்டத்தின் புதிய குற்றப்பிரிவில் அரசு போட்டிருந்த வழக்கு ஒன்றே ஒன்று.

2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப், போர்ன்ஹப் தளத்தில் சிறார்களின் காணொளிகளும் வன்கொடுமைப் பதிவுகளும் இருப்பதை எழுதினார். அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனை உண்மை. தளம் வருடக்கணக்காக அலட்சியமாக இருந்ததும் உண்மை. ஒரே வாரத்தில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே தங்கள் அட்டைகளை நிறுத்தின. சரிபார்க்கப்படாத பல லட்சம் காணொளிகளைத் தளம் நீக்கியது. அது செய்ய வேண்டிய வேலை, தாமதமாகச் செய்த வேலை. ஆனால் அட்டை நின்றதால் வருமானத்தை இழந்தவர்களில், அடையாள அட்டை கொடுத்து, வயதை நிரூபித்து, சொந்தக் காணொளியைச் சொந்தமாக விற்றுவந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் ஓன்லிஃபேன்ஸ், அக்டோபர் 1 முதல் அப்பட்டமான பாலியல் காட்சிகளுக்குத் தடை என்று திடீரென அறிவித்தது. வங்கிகள் நெருக்குகின்றன என்பது அது சொன்ன காரணம். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆறே நாளில் தடை கைவிடப்பட்டது. கொரோனாக் காலத்தில் வேறு வேலை இல்லாமல் அந்தத் தளத்தை நம்பி வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆறு நாள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாக்குப் பெட்டியும் நீதிமன்றமும் தொடாத ஒரு முடிவு, சில வங்கி அலுவலகங்களில் எடுக்கப்பட்டு, லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பை ஆட்டிவிட்டது. வயதையும் சம்மதத்தையும் ஆவணத்தோடு சரிபார்க்கச் சொல்லும் விதிகளை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். விதியைப் பின்பற்றியவரும் பின்பற்றாதவரும் ஒரே கதவால் வெளியே தள்ளப்படுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2020 ஊரடங்கில் விடுதிகள் மூடின, வாடிக்கையாளர்கள் வரவில்லை. இந்தியா முழுக்கப் பாலியல் தொழிலாளர்கள் பலர் வீடியோ காலுக்கு மாறினார்கள். பெரிய தளம், டோக்கன் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பும் ஜிபேயும்தான். ஒரே அறை வீட்டில், பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்தும் அதே போனில், அவர்கள் தூங்கிய பிறகு. பணம் வாங்க எண் கொடுத்தால், அனுப்புகிறவரின் திரையில் வங்கியில் பதிவான முழுப் பெயர் வந்து நிற்கும். தொழிலுக்கென்று வைத்துக்கொண்ட பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த அப்பா வைத்த பெயர், ஐநூறு ரூபாய் அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும். கையில் எண், பெயர், திரையில் முகம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். கந்துவட்டிக்காரனுக்குப் பயப்படுவதுபோல் மாதம் மாதம் அவனுக்குப் பயப்பட வேண்டியதுதான்.

மிரட்டினால் போலீசுக்குப் போகலாமே? 1930 என்ற உதவி எண் இருக்கிறது, இணையக் குற்றப் புகார்த் தளம் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. படம் எடுக்கச் சம்மதித்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. இந்தத் தொழிலாளர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாதுகாப்பு இல்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, அப்பட்டமான பாலியல் காட்சியை மின்னணு வழியில் வெளியிடுவதும் அனுப்புவதும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே ஐந்தாண்டுவரை சிறை, பத்து லட்சம்வரை அபராதம். அந்த வாசகத்தில் சம்மதத்துக்கு இடமில்லை. தன்னை மிரட்டுகிறவன்மீது புகார் கொடுக்கப் போகிறவர், தன்மீதான வழக்குக்கான ஆதாரத்தையும் கையோடு கொண்டுபோகிறார். யார் போவார்கள்?

குற்றமே செய்யாதவர்களுக்கும் காவல் நிலையத்தில் என்ன நேர்கிறது என்பதை 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு காட்டியது. முன்னாள் காதலன் ரகசியமாக எடுத்த காணொளிகள் இணையத்தில் பரவிய ஒரு பெண் வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். 48 மணி நேரத்தில் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். ஆண் காவலர்கள் முன்னிலையில் அந்தக் காணொளியை வைத்து அடையாளம் காட்ட நேர்ந்ததையும் நீதிமன்றம் கண்டித்தது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட படங்களை நீக்குவதற்கான நடைமுறையை ஒன்றிய அரசு அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. அதைப் பயன்படுத்தும் துணிவு ஒரு பாலியல் தொழிலாளிக்கும் வர வேண்டுமென்றால், புகார் கொடுத்தவர்மீது 67ஏ பாயாது என்ற உறுதி முதலில் வேண்டும். 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், பாலியல் தொழிலாளர்களும் கண்ணியத்தோடு நடத்தப்பட வேண்டும், பாலியல் தாக்குதலுக்கு உள்ளானால் மற்ற பெண்களுக்குக் கிடைக்கும் எல்லா உதவியும் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மிரட்டலும் தாக்குதல்தான், திரை வழியாக நடந்தாலும்.

தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இணையத்தள வழி வேலை செய்வோருக்கென்று நலவாரியம் அமைத்தது. உணவு கொண்டுவருகிறவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர் அதில் வருவார்கள், நல்ல விஷயம். செயலி ஒன்றின் கணக்கீட்டுக்குக் கட்டுப்பட்டு, கமிஷன் போக மிச்சத்தில் வாழ்ந்து, காரணம் சொல்லாமல் கணக்கு முடக்கப்படும் அபாயத்தில் இருப்பதில் காமிராவுக்கு முன் உட்கார்ந்திருப்பவரும் அவர்களைப் போலத்தான். ஆனால் அவரால் தன் தொழிலை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

உலகம் இப்போது இரண்டு திசையில் போகிறது. சுவீடன் 2025 மே மாதம் சட்டம் இயற்றி, ஜூலை 1 முதல், தனக்கென்று காசு கொடுத்து இணையத்தில் பாலியல் செயலைச் செய்யவைப்பதைக் குற்றமாக்கியது. தண்டனை வாங்குகிறவருக்கு, விற்கிறவருக்கு இல்லை. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம், இந்தத் தொழிலையே வன்முறை அமைப்பு என்று 2024இல் எழுதினார். கொலம்பிய ஸ்டூடியோவைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். இன்னொரு பக்கம், பெல்ஜியம் 2024 டிசம்பர் முதல் பாலியல் தொழிலாளர்களுக்கு வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம், முடியாது என்று சொல்லும் உரிமை ஆகியவற்றைச் சட்டப்படி வழங்குகிறது. சுவீடனின் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் ஊரில் வாங்குகிறவனைத் தண்டித்தால் தளம் தன் கமிஷனை வேறு ஊரில் எடுத்துக்கொள்ளும். வருமானம் குறைந்தவர் முன்பு மறுத்துவந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். வாடிக்கையாளர் குறையும்போது பேரத்தில் இளைப்பது எப்போதும் தொழிலாளியின் பக்கம்தான்.

கொலம்பியாவிலேயே ஒரு வழக்கு நடந்தது. ஸ்டூடியோவில் வேலை செய்த பெண் கர்ப்பமானார், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அவர் வேலையாளே இல்லை, கூட்டாளி மாதிரி என்பது இத்தகைய ஸ்டூடியோக்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். அந்த நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நேரம் வகுத்தது யார், உத்தரவிட்டது யார், கூலி கொடுத்தது யார் என்று பார்த்து, இது தொழிலாளி முதலாளி உறவுதான், கர்ப்பிணித் தொழிலாளிக்குள்ள பாதுகாப்பு இவருக்கும் உண்டு என்றது. இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இந்தத் துறையை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. காமிராவுக்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்பதை வைத்து அவர் உரிமையை நீதிமன்றம் எடைபோடவில்லை. மூன்று ஆண்டு கழித்து வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையிலும், கடவுச்சொல் இன்னும் ஸ்டூடியோக்காரர்களிடமே இருந்தது.